முப்பத்தொரு வீட்டுக்கும் ஒரே கதவு

எங்கள் வீட்டுக்கு நேர்மேல் வீட்டில் இருப்பவரை இந்தக் குடியிருப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டேப்பக்கா என்றால்தான் தெரியும். அளவெடுக்கும் டேப் எந்நேரமும் கழுத்தில் கிடக்கும். குப்பை கொட்ட இறங்கி வந்தாலும் அதோடுதான் வருவார். ஒருமுறை வங்கிக்கும் அப்படியே போய்விட, "அளவெடுக்க வந்தீங்களா, பணம் எடுக்க வந்தீங்களா?" என்று காசாளர் கேட்டாராம்.

வயது நாற்பத்தொன்பது. அதில் பத்தொன்பது வருஷம் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் சரிபார்ப்புப் பிரிவில் நின்றபடியே கழிந்தது. தைத்து முடித்த சட்டைகள் வெள்ளை விளக்குக்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். காலர் கோணலா, தையல் விட்டிருக்கிறதா, பொத்தான் துளை பிரிந்திருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ஒரு சட்டைக்கு இருபது நொடி. அந்தப் பிரிவை மூடியபோது வீட்டுக்கு வந்துவிட்டார். கண் மட்டும் வேலையை விடவில்லை. எங்கள் வீட்டுத் திரைச்சீலையின் ஓரம் ஒரு விரல் ஏறியிருப்பதை வாசலில் நின்றபடியே சொன்னவர் அவர்.

கணவர் லிப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷம் பதினான்கு மாடிக் கட்டடங்களின் லிப்ட் குழிக்குள் தொங்கியபடி வேலை பார்த்தவருக்கு ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. சமையலறையில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினார், விழுந்தார், தோள்பட்டையை உடைத்துக்கொண்டார். குழிக்குள் விழுந்திருந்தாலாவது கம்பெனி செலவு பார்த்திருக்கும் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அப்போது சிரிக்க முடியவில்லை. கையைத் தூக்க முடியாது, எந்தச் சட்டையும் ஏறாது, யாராவது பார்க்க வந்தால் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்காருவார். மனிதர் அதில் குறுகிப் போனார்.

டேப்பக்கா அவருடைய பழைய சட்டை ஒன்றை எடுத்தார். தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு பக்கத்தை வெட்டினார். வெட்டிய ஓரத்துக்கு மெல்லிய பட்டி வைத்துத் தைத்து, வரிசையாகப் பிரஸ் பட்டன் வைத்தார். உடைந்த கையை அசைக்காமல் மேலே போட்டு, பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது. தோளுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன்னிடம் வருகிறவர்களுக்குப் பத்துச் சட்டை வேண்டும் என்றார். தொழில் தொடங்கியது அப்படித்தான். மார்பில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு முன்பக்கம் திறப்பது, விலாவில் குழாய் வைத்தவர்களுக்கு அந்த இடத்தில் மட்டும் ஜன்னல் போலத் திறப்பது, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு முதுகுப் பக்கம் திறப்பது என்று ஒவ்வொன்றாக வந்தது. ஆளைப் பார்க்காமலேயே, போனில் நாலு கேள்வி கேட்டு அளவு வாங்கிவிடுவார்.

கணவரின் தங்கையும் கூட்டுச் சேர்ந்தார். அதே தெருவில் இரண்டு வீடு தள்ளி இருப்பவர். நாத்தனாருக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் ஆர்டர் எடுப்பது, பார்சல் கட்டுவது, விலாசம் எழுதுவது எல்லாவற்றிலும் படு சுத்தம். இந்தக் கதையின் பாதியை நான் அவர் சொல்லித்தான் கேட்டேன். மீதியை டேப்பக்கா சொன்னார்.

தைப்பதில் கஷ்டம் இல்லை. கொண்டு சேர்ப்பதில்தான் நாக்குத் தள்ளியது. முதலில் கை சரியான கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆர்டர் பெருகியதும் ஒவ்வொரு கூரியர் அலுவலகமாக நாத்தனார் வரிசையில் நின்றார். ஒருவன் சில பேட்டைகளுக்குப் போகமாட்டான், இன்னொருவன் சனிக்கிழமை வாங்கமாட்டான். அப்போதுதான் நூல்கண்டு விற்கும் கடைக்காரர் ஒரு செயலியைப் பற்றிச் சொன்னார். அதன் கம்பெனிக்குச் சொந்தமாக வண்டியும் கிடையாது, ஆளும் கிடையாது. பல கூரியர் கம்பெனிகளை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும், அவ்வளவுதான். விலாசத்தைப் போட்டால் எட்டுப் பெயர்கள் வரும். யார் எத்தனை நாளில் கொண்டுபோவார், என்ன வாங்குவார் என்று பக்கத்திலேயே இருக்கும். மலிவானது முதலில் நிற்கும். ஒன்றை அமுக்கினால் மதியத்துக்குள் வாசலுக்கு ஆள் வந்து பார்சலை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கொடுத்து முடித்ததும், வீட்டு வாசலில் பார்சலை வைத்து எடுத்த படம் போனுக்கு வரும்.

டேப்பக்காவுக்கு இது வரப்பிரசாதமாக இருந்தது. அந்தப் படங்கள் வரும்போது மிஷினை நிறுத்திவிட்டுப் பார்ப்பாராம். நம் சட்டை ஒரு வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டது என்று ஒரு நிம்மதி. படம் வந்ததா, வந்தது, அடுத்த சட்டை. இப்படி இரண்டு வருஷம் ஓடியது. மாதம் நூற்றெண்பது சட்டை வரைக்கும் போனது.

பிறகு போன்கள் வர ஆரம்பித்தன. பார்சல் வரவில்லை என்பார்கள். செயலியைத் திறந்தால் 'ஒப்படைக்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் இருக்கும், படமும் இருக்கும். புகார் சொல்லும் இடத்தில் எழுதினால் உடனே பதில் வரும். உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் பார்சல் ஒப்படைக்கப்பட்டுவிட்டது, வேறு ஏதேனும் உதவி வேண்டுமா? எத்தனை விதமாகக் கேட்டாலும் இதே மூன்று வரி. மனுஷனா மிஷினா என்றே தெரியவில்லை என்றார் நாத்தனார்.

வீட்டில் வேறு யாராவது வாங்கி வைத்திருப்பார்கள், பக்கத்து வீட்டில் கொடுத்திருப்பார்கள் என்று டேப்பக்கா நினைத்துக்கொண்டார். ஒரு சிலர் கையில் வாங்கிக்கொண்டு, வரவில்லை என்று காதில் பூச்சுற்றுவதாக நாத்தனார் நினைத்தார். முழங்கை உடைந்த ஒரு கணக்கு வாத்தியார் மூன்று முறை போன் செய்தபோது, "படம் இருக்கே சார், அது பொய் சொல்லுமா?" என்று டேப்பக்காவே கேட்டுவிட்டார். வாத்தியார் போனை வைத்துவிட்டார். எண்ணிப் பார்த்தால் இந்த மாதிரி போன் வாரத்துக்கு ஒன்றிரண்டுதான். மாதம் நூற்றெண்பதில் ஐந்தாறு என்பது தொழிற்சாலைக் கணக்கில் நல்ல வேலை.

அந்த வாரம் ஒரு மகள் தன் அப்பாவுக்குச் சட்டை கேட்டிருந்தார். அப்பாவுக்கு விலாவில் அறுவை, குழாய் வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புவார்கள், அதற்குள் சட்டை வேண்டும். டேப்பக்கா ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தைத்துத் திங்கட்கிழமை அனுப்பினார். புதன்கிழமை மாலை பச்சை எழுத்தும் வந்தது, படமும் வந்தது. சனிக்கிழமை அந்த மகள் போன் செய்து சட்டை வரவில்லை என்றார். டேப்பக்கா வழக்கம்போல, பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள் என்றார். திங்கட்கிழமை காலை மறுபடி போன். குரலில் கோபமே இல்லை.

"இன்னும் வரலைம்மா. கொஞ்சம் பாருங்களேன். அப்பா சட்டை எங்க, சட்டை எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கார்."

அந்தக் குரல் டேப்பக்காவை என்னவோ செய்தது. கையிலிருந்த வேலையை ஓரமாக வைத்துவிட்டு அதே அளவில் இன்னொரு சட்டை தைத்தார். செவ்வாய்க்கிழமை காலை அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தானே பஸ் ஏறினார். நாற்பது நிமிஷப் பயணம். மன்னிப்புக் கேட்டுக் கொடுத்துவிட்டு, எப்படிப் போடுவது என்றும் காட்டிவிட்டு வரலாம் என்பது எண்ணம்.

அந்தத் தெருமுனையில் திரும்பியபோது ஒரு சிறிய வண்டியில் இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எந்த வீட்டில் விசேஷமோ என்று நினைத்தபடியே வீட்டு எண்ணைப் பார்த்துக்கொண்டு போனார். நாற்காலிகள் வந்துகொண்டிருந்த வீட்டுக்கு முன்னால்தான் எண் பொருந்தியது. வாசலில் செருப்புகள் கிடந்தன. முப்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண், கண் வீங்கி, கையில் வெறும் காபித் தம்ளரோடு நின்றார். டேப்பக்காவின் கழுத்தில் இருந்த டேப்பைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நேத்து சாயங்காலம் போயிட்டார்ம்மா. காலையிலயே எடுத்தாச்சு."

டேப்பக்கா பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அந்த மகள்தான் பேசினார், சமாதானம் சொல்வது போல.

"நீங்க ஏன் இவ்வளவு தூரம் வந்தீங்க? சட்டை வந்திருந்தாலும் அவர் போயிருப்பார், டாக்டர் சொல்லிட்டார். ஆனா அஞ்சு நாளும் போர்வையைச் சுத்தித்தான் உக்கார வச்சோம். பாக்க வர்றவங்க முன்னாடி அது அவருக்கு ரொம்ப வெக்கமா இருந்துச்சு."

தன் கணவர் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது டேப்பக்காவுக்குக் கண்முன் வந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தார். வந்தது வேறு கேள்வி. உங்கள் வீட்டுக்கு வேறு வாசல் இருக்கிறதா என்று கேட்டார். கேட்ட பிறகுதான் தான் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே உறைத்தது. அந்த வீட்டுக்கு முன்னால் இரும்புக் கம்பிக் கதவு, அதற்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் பிளைவுட் கதவு. ஒரே வாசல்தான் என்றார் மகள். புதன்கிழமை போனில் வந்த படத்தில் இருந்தது நீல நிறக் கதவு.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனைத் திறந்தார். நீல மரக்கதவு. தாழ்ப்பாளுக்குக் கீழே பெயின்ட் உரிந்து, செருப்பின் அடிப்பாகம் போல ஒரு தழும்பு. கீழே சிவப்புக் கால்மிதி, வலது மூலை பிய்ந்திருந்தது. அதன் மேல் நாத்தனார் கையெழுத்தோடு பார்சல். அதற்கு முந்தைய படத்துக்குப் போனார். வேறு தெரு, வேறு பெயர். நீலக் கதவு, செருப்புத் தழும்பு, பிய்ந்த மூலை. அதற்கு முந்தையது பச்சைக் கதவு, சரி. அதற்கு முன் நீலம். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். இறங்க வேண்டிய நிறுத்தம் போய், அடுத்ததும் போய், கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் தலை நிமிர்ந்தாராம். மூன்று மாதத்துப் படங்கள்தான் செயலியில் இருக்கும். அதற்குள் முப்பத்தொரு வீடு. முப்பத்தொரு வீட்டுக்கும் அதே கதவு.

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் காட்டினார். நாத்தனார் முதலில் நம்பவில்லை.

"ஒரே கம்பெனிக் கதவா இருக்கும் அண்ணி. இப்பல்லாம் எல்லா வீட்டுலயும் ஒரே மாதிரிதான மாட்டுறாங்க."

"கதவு ஒரே மாதிரி இருக்கும். பெயின்ட் ஒரே மாதிரி உரியுமா?"

நாத்தனார் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததைப் பார்த்துத்தான் விஷயம் பெரியது என்று எனக்கே புரிந்தது என்றார் டேப்பக்கா. இத்தனை நாள் பார்த்த கண் ஏன் இதைப் பார்க்கவில்லை என்பது அவருக்கு ஆறவில்லை. பத்தொன்பது வருஷம் இருபது நொடியில் ஒரு நூலிழையைக் கண்டுபிடித்தவர், படத்தில் பார்சலை மட்டும் பார்த்திருக்கிறார்.

அந்தக் கதவு யார் வீட்டுக் கதவு? யாரோ ஒருவர் முப்பத்தொரு சட்டையை வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்? கணவருக்குத் தோன்றியது, கூரியர்காரன் தன் வீட்டிலேயே கொண்டுபோய் வைத்துக்கொள்கிறான் என்று. போலீசுக்குப் போகலாம் என்றார். அப்போது நாத்தனாருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. சில மாதங்களுக்கு முன் வாடிக்கையாளர் ஒருவர், பார்சலுக்காகக் காத்து அலுத்துப்போய், கூரியர் கிடங்குக்குத் தானே போய் வாங்கிக்கொண்டு வந்ததாகச் சொல்லியிருந்தார். பழைய ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை என்று அடையாளமும் சொல்லியிருந்தார். முதலில் அங்கே கேட்டுப் பார்ப்போம் என்று புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு இரண்டு பேரும் ஆட்டோவில் கிளம்பினார்கள்.

கொட்டகை பெரியது. உள்ளே வெக்கை. தரையெல்லாம் பழுப்புப் பிசின் நாடாத் துண்டுகள் ஒட்டிக் கிடந்தன. இரும்பு அலமாரிகளில் பார்சல்கள் பிதுங்கி நின்றன. நடுவே ஒரு மேஜையில் தலையில் துணி கட்டிய ஒரு பெண் ஸ்கேன் பண்ணும் கருவியை வைத்துப் பார்சல் பார்சலாக 'பீப், பீப்' என்று அடித்துக்கொண்டிருந்தார். யாரும் இவர்களைத் தடுக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் கேட்கலாம் என்று நாலடி எடுத்து வைத்த டேப்பக்கா அப்படியே நின்றுவிட்டார்.

வலது பக்கச் சுவரில், இரண்டு தூண்களுக்கு நடுவில், நீலக் கதவு சாய்ந்து நின்றது.

கதவு மட்டும்தான். நிலை கிடையாது, அறை கிடையாது. பின்னால் கொட்டகையின் தகரச் சுவர். கதவு சரிந்துவிடாமல் இருக்க அடியில் இரண்டு செங்கல் வைத்திருந்தார்கள். செருப்புத் தழும்பு இருந்தது. முன்னால் சிவப்புக் கால்மிதி விரித்திருந்தது. பார்சல் மூட்டையோடு நாலைந்து ஆட்கள் அதற்கு எதிரே வரிசையில் நின்றார்கள். முதலாமவர் ஒரு பார்சலைக் கால்மிதியில் வைத்தார், போனில் படம் எடுத்தார், பார்சலை எடுத்துப் பக்கத்துக் கூடையில் போட்டார், அடுத்த பார்சலை வைத்தார். போட்டோ ஸ்டுடியோவில் படம் எடுப்பது போல ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. ஒருவர் பக்கத்து ஆளிடம் சொந்தக் கதை பேசிக்கொண்டே எடுத்தார். யாரும் ஒளித்து மறைத்துச் செய்யவில்லை.

பேயறைந்தது போல இருந்தது என்றார் டேப்பக்கா. திருடன் வீட்டுக் கதவு என்று நினைத்து வந்தால், கதவுக்கு வீடே இல்லை. அந்த நேரம் பார்த்து, வரிசையில் மூன்றாவதாக நின்ற நெட்டையான ஆள் கால்மிதியில் வைத்த பார்சலில் நாத்தனாரின் கையெழுத்து.

"அண்ணி, அது நம்மது" என்று நாத்தனார் கையைப் பிடித்தார். மறு கையால் போனை எடுத்து வீடியோ எடுக்க ஆரம்பித்துவிட்டார். அந்த விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

வீடியோ எடுப்பதைப் பார்த்துத்தான் கொட்டகை சூப்பர்வைசர் எழுந்து வந்தார். அவரை நல்லவர் என்றும் சொல்ல முடியவில்லை, கெட்டவர் என்றும் சொல்ல முடியவில்லை என்றார் டேப்பக்கா. ஐம்பது வயது, வியர்த்த சட்டை, சாப்பிடாத முகம். அடிக்க வருவாரோ என்று பயந்தால், உட்காருங்கள் என்று இரண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"இங்க யாரும் எதையும் திருடுறதில்லைம்மா. எல்லாம் போய்ச் சேந்துடும். இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு, இல்லன்னா நாலு நாள் கழிச்சு. ஒரு நாளைக்கு அறுநூறு பார்சல் வருது. ஏழு பேர் இருக்கோம். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள குடுத்ததாக் காட்டலைன்னா அந்தச் செயலிக்காரங்க எங்களை லிஸ்ட்லேருந்து தூக்கிடுவாங்க. படம் கேட்டாங்க, படம் குடுக்கிறோம்."

டேப்பக்கா அப்பாவின் சட்டையைப் பற்றிச் சொன்னார். நாற்காலிகளைப் பற்றிச் சொன்னார். சூப்பர்வைசர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கேட்டார். தலைத்துணிப் பெண்ணின் ஸ்கேன் கருவிச் சத்தமும் நின்றது. கொட்டகையில் யாரும் கொஞ்ச நேரம் படம் எடுக்கவில்லை.

பிறகு சூப்பர்வைசர் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் உள்ளே ஓர் அலமாரியைக் காட்டினார். கொடுத்ததாகக் காட்டி, இன்னும் கொண்டு போகாத பார்சல்கள் அங்கே இருந்தன. நாத்தனார் ஒவ்வொன்றாகப் புரட்டினார். தங்களுடையது ஒன்பது கிடைத்தது. அடியில் கிடந்தது அந்த அப்பாவின் சட்டை. அனுப்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த வீட்டுக்கும் கொட்டகைக்கும் பஸ்ஸில் நாலு நிறுத்தம்.

இதைத் திருப்பிக் கொடுங்கள், நாங்களே கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்கிறோம் என்றார் டேப்பக்கா. சூப்பர்வைசர் நிஜமாகவே குழம்பிப் போனார். திருப்பிக் கொடுப்பதென்றால் செயலியில் காட்ட வேண்டும். செயலியைப் பொறுத்தவரை இந்த ஒன்பதும் வாசலில் கொடுத்தாயிற்று. கொடுத்து முடித்த பார்சல் கொட்டகையில் இருக்க முடியாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இல்லாத பார்சலை எடுத்துட்டுப் போனா யாரு கேக்கப் போறா? கொண்டு போங்க" என்றார்.

கிளம்பும்போதுதான் இன்னொரு இடி விழுந்தது. ஸ்கேன் மேஜைக்குப் பக்கத்தில் கம்பெனிப் பெயர் அச்சிட்ட ஸ்டிக்கர் சுருள்கள் ஆணியில் தொங்கின. ஒன்று டேப்பக்கா வழக்கமாக அமுக்கும் பெயர். அதற்குப் பக்கத்தில் தொங்கியது, போன மாதம் புகார் வந்தபோது அவர் கோபத்தில் மாற்றிப் பார்த்த பெயர். அதற்கடுத்தது, நாத்தனார் நல்ல கம்பெனி என்று சொன்ன பெயர். எண்ணினால் ஐந்து சுருள்.

"இந்த ஊர்ப் பக்கம் அந்த எட்டுல அஞ்சு எங்ககிட்டதான் வருது" என்றார் சூப்பர்வைசர். "அவங்க எடுத்து எங்களுக்குத் தள்ளி விடுறாங்க. அந்த அஞ்சுல நீங்க எதை அமுக்கினாலும் இங்கதான். ரொம்பப் பேரு மேல இருக்கிற மலிவானதைத்தான் அமுக்குறாங்க."

கடைசி வாக்கியத்தை அவர் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனால் டேப்பக்காவுக்கு அது சுருக்கென்று தைத்தது. இரண்டு வருஷத்தில் முதல் வரியைத் தாண்டி அவர் விரல் கீழே போனதே ஐந்தாறு தடவைதான்.

மீதி எட்டுப் பார்சலை அன்றைக்கும் மறுநாளும் ஆட்டோ வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வீடு வீடாகக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கட்டுப் பிரித்தாகிவிட்டது, இனி சட்டை வேண்டாம் என்றார்கள். இன்னொரு வீட்டில் ஒரு அம்மா, வாங்கிய கையோடு உள்ளே ஓடிப்போய் மகனுக்குப் போட்டுவிட்டு வந்து காட்டினார். கணக்கு வாத்தியார் வீட்டுக்கும் போய் டேப்பக்கா கதவைத் தட்டினார். அவருக்குப் பார்சல் போன மாதமே, ஆறு நாள் தாமதமாக, போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் கதவைத் திறந்தார். படம் பொய்தான் சார் என்று டேப்பக்கா சொன்னார். வாத்தியார் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, இத்தனை பேரும் சேர்ந்து ஒரு கதவை வைத்து ஏமாற்ற எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள், அந்த நேரத்தில் நாலு பார்சலைக் கொடுத்திருக்கலாமே என்றார்.

அப்பாவின் சட்டைகள் இரண்டையும் என்ன செய்யலாம் என்று அந்த மகளிடமே டேப்பக்கா போனில் கேட்டார். அப்பா படுத்திருந்த வார்டிலேயே கொடுத்துவிடுங்கள் என்றார் மகள். டேப்பக்கா கொண்டுபோய்க் கொடுத்தார். யார் போட்டார்கள் என்று கேட்கவில்லை.

நாத்தனார் வீடியோவைச் செயலிக்காரர்களுக்கு அனுப்பினார். அந்த மூன்று வரி பதில்தான் வந்தது. பிசியோதெரபிஸ்ட், வாத்தியார், வாடிக்கையாளர்கள் என்று பன்னிரண்டு பேர் அதே வீடியோவை அனுப்பிய பிறகு, இரண்டாவது வாரம் மனிதக் குரலில் ஒரு போன் வந்தது. மிகவும் பணிவான ஒரு பெண். இப்படி ஒன்று நடப்பது இப்போதுதான் எங்கள் கவனத்துக்கு வருகிறது, நடவடிக்கை எடுக்கிறோம் என்றார். எடுக்கவும் செய்தார்கள். அடுத்த மாதம் செயலியில் அந்த ஐந்தில் ஒரு பெயர் காணாமல் போனது. புதிதாக இரண்டு பெயர்கள் வந்தன. இனிமேல் படத்தில் வீட்டு எண் தெரிய வேண்டும் என்று புது விதியும் வந்தது. டேப்பக்காவுக்கு மனசு கொஞ்சம் ஆறியது.

நாலு நாள் கழித்து, கொட்டகை வரிசையில் நின்ற அந்த நெட்டையான ஆள் பார்சல் எடுக்க வாசலுக்கு வந்தார். அன்றைக்கு வீடியோவில் இருந்தவர் என்பதால் கூச்சப்பட்டுக்கொண்டே நின்றார். புது விதி வந்துவிட்டதே, இப்போது எப்படி என்று நாத்தனார் விசாரித்தார்.

"நம்பர் பலகை செஞ்சு வச்சுட்டாங்க அக்கா" என்றார் அவர். "சைபர்லேருந்து ஒம்பது வரைக்கும் தனித்தனி நம்பரா. கதவுல ஆணி அடிச்சாச்சு. பார்சலைப் பாத்து நம்பரை மாட்டி எடுக்கணும். இப்ப வேலைதான் கூடுதல்."

டேப்பக்கா மிஷினிலிருந்து எழுந்து வந்து, இதை இன்னொரு முறை சொல்லுங்கள் என்றாராம். இரண்டாம் முறை கேட்ட பிறகும் நம்ப முடியவில்லை. தாங்கள் அனுப்பிய வீடியோவால் நடந்த ஒரே மாற்றம் அந்த ஆணிதான் என்பதை அவர் மனசு வாங்கிக்கொள்ள மறுத்தது. அன்று முழுவதும் மேலிருந்து மிஷின் சத்தமே கேட்கவில்லை. நான்தான் உடம்புக்கு என்னவோ என்று ஏறிப் போய்ப் பார்த்தேன். மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கணவர் மட்டும் என்னைப் பார்த்து, வாங்க, எங்க வீட்டுக் கதவு நிஜமானதுதான் என்றார். யாரும் சிரிக்கவில்லை.

முடிவாக அவர்கள் செய்தது இதுதான். செயலியை அடியோடு விட முடியவில்லை. தூரத்து ஊர்களுக்கு வேறு வழியில்லை. அங்கே அனுப்பினால், பச்சை எழுத்து வந்த மறுநாள் நாத்தனார் போன் செய்து கையில் கிடைத்ததா என்று கேட்பார். கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லைதான், விவாதம் கிடையாது. உள்ளூரில் செயலி வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். பிசியோதெரபிஸ்ட் அறைகள் நாலில் கட்டாகக் கொடுத்துவிடுவார்கள், வருகிறவர்கள் அங்கேயே அளவு பார்த்து எடுத்துக்கொள்வார்கள். நூற்றெண்பது, நூற்றுப் பத்தாகக் குறைந்தது. எழுந்து வர முடியாதவர்களுக்கு மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும். நெட்டையானவரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். கொட்டகை வேலை பதினோரு மணிக்குத்தான் தொடங்குகிறது, அதற்கு முன் காலையில் ஏழெட்டு வீடு போய் வர முடியும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார், படம் எடுக்கச் சொல்லக் கூடாது. நாத்தனார் வாயடைத்துப் போன இரண்டாவது சந்தர்ப்பம் அது.

முதல் நாள் காலை ஆறு பார்சலோடு போனார். ஒன்பது மணி சுமாருக்கு அவரிடமிருந்து போன். டேப்பக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது, என்னமோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தார். பள்ளி வேன் ஓட்டும் ஒருவர் வீட்டிலிருந்து பேசினார். காறை எலும்பு உடைந்து வீட்டில் தனியாக இருக்கிறவர். சட்டையை எந்தப் பக்கத்திலிருந்து போடுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"வலது கையை முதல்ல விடச் சொல்லுங்க" என்றார் டேப்பக்கா. "நல்ல கை முதல்ல. இடது பக்கம் மேல போத்திட்டு, தோள்லேருந்து கீழ ஒண்ணொண்ணா அழுத்திட்டு வாங்க. இழுக்காதீங்க."

போனை எங்கேயோ கீழே வைத்தார்கள். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வேன் டிரைவர் ஐயோ, மெதுவா என்றார். பட்டன் ஒவ்வொன்றாக விழுந்தது. டக், டக், டக். வலிக்குதா என்று நெட்டையானவர் கேட்க, இல்லை, சட்டையே போட்ட மாதிரி இல்லை என்று வேன் டிரைவர் சொன்னார். பிறகு, வந்தது வந்தீங்க, அந்த மேல் அலமாரியிலிருந்து டீத்தூள் டப்பாவை எடுத்துக் கொடுங்க என்பது காதில் விழுந்தது.

போனை நிறுத்த அவர்கள் மறந்துவிட்டார்கள். டேப்பக்காவும் நிறுத்தவில்லை. இரண்டு வருஷத்தில், தான் கூடப் போகாத பார்சல் ஒன்று ஆள் கையில் போய்ச் சேரும் சத்தத்தை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. தண்ணீர் கொதிக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பிறகு எழுந்து மிஷினைத் துடைத்தார்.